பாஸ் இல்லாதவர்

2018 ஏப்ரல் 28, சனிக்கிழமை. மலேசியாவின் 14-ஆவது பொதுத்தேர்தலுக்கு வேட்புமனுத் தாக்கல் நாள். காலை 9 மணியிலிருந்து 10 மணிக்குள் மனு தேர்தல் அதிகாரியின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நெகிரி செம்பிலானின் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதிக்கு மனுவோடு வந்தார் பி.கே.ஆர் வேட்பாளர் டாக்டர் எஸ். ஸ்ரீராம். தொழிலில் மயக்கமருந்து நிபுணர். அவர் மோத வேண்டியிருந்தது லேசான ஆளோடு அல்ல. 2004 முதல் மாநிலத்தின் மந்திரி பெசார், ஊரெல்லாம் ‘டோக் மாட்’ என்று கூப்பிடும் முகமட் ஹசான். ஆனால் போட்டி வாசலையே தாண்டவில்லை. தேர்தல் ஆணையத்தின் பாஸ் கையில் இல்லை என்று டாக்டரை உள்ளே விடவில்லை. மணி பத்தானது. டோக் மாட் போட்டியின்றி வென்றதாக அறிவித்துவிட்டார்கள்.

மே 9 புதன்கிழமை ரந்தாவ் மக்கள் சாவடிக்குப் போனார்கள். ரெம்பாவ் நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒரு வாக்குச்சீட்டு கிடைத்தது. சட்டமன்றத்துக்கு எதுவும் இல்லை. அன்று இரவுதான் சுதந்திரம் முதல் நாட்டை ஆண்ட கூட்டணியின் 61 ஆண்டு ஆட்சி கவிழ்ந்தது. நெகிரி செம்பிலானின் 36 இடங்களில் 20, பி.கே.ஆர் இடம்பெற்ற எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ஹராப்பான் பக்கம் போயின. மாநிலமே தலைகீழாகப் புரண்ட தேர்தலில் ரந்தாவ்காரர்கள் மட்டும் தங்கள் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கவில்லை. வாசலில் தடுக்கப்பட்டவர் ஒருவர்தான், வாக்கு இழந்ததோ ஒரு தொகுதி முழுக்க.

அந்தப் பாஸ் எங்கிருந்து வந்தது, எங்கே போனது, இப்போது எந்த உருவத்தில் நம் கைப்பேசிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் இந்தக் கதை.

துரையின் வாசல்

ரந்தாவ் தோட்டங்களின் நடுவே வளர்ந்த ஊர். லின்சம் தோட்டம் இன்றும் தன் பெயரை ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது, லயத்தில் இருந்தவர்கள் தாமான் வீடுகளுக்குப் போனார்கள். ஆனால் வாசலில் நின்று அனுமதி கேட்கும் பழக்கம் இந்த மண்ணில் தேர்தல் ஆணையத்துக்கு முன்பே ஆழமாக வேர்விட்டது.

பழைய தோட்டம் ஓர் ஊர் போலத்தான் தோன்றும். லயம், கோயில், பள்ளி, கடை, கள்ளுக்கடை எல்லாம் இருக்கும். ஆனால் நிலம் முழுவதும் கம்பெனியுடையது. யார் வரலாம், யார் போகலாம், எவ்வளவு நேரம் தங்கலாம் என்பதைத் துரை, அதாவது தோட்ட மேலாளர், முடிவு செய்வார். அதைக் கிராணியும் தண்டலும் வாசலில் நடத்திக் காட்டுவார்கள். தங்கை வீட்டுக்கு வரும் அண்ணனும் ‘வெளியாள்’தான்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் ஒரு கோரிக்கைப் பட்டியலை வைத்தார்கள். முதலில் சம்பளம்: இந்தியருக்கும் சீனருக்கும் ஒரே கூலி. அதற்குப் பின்னால் வருபவை இன்று படித்தாலும் நிமிர வைக்கும். பேச்சுரிமையும் கூடும் உரிமையும் வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும். குறை சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

அந்தச் சைக்கிளை மட்டும் சற்று நினைத்துப் பாருங்கள். சொந்தக் காசு போட்டு வாங்கிய சைக்கிள். எதிரே கார் வருகிறது, உள்ளே துரை இருக்கிறார். மிதித்துக்கொண்டே போனால் அது திமிர். இறங்கி, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, கார் கடக்கும்வரை ஓரமாக நிற்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் எழுதாத விதி இது. மீறினால் தண்டனை மட்டும் நிச்சயம்.

பேச்சுரிமையையும் உறவினர் வருகையையும் ஒரே பட்டியலில் வைத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. வெளியாள் உள்ளே வர முடியாத இடத்தில் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. வாசலை அடைத்தாலே வாயையும் அடைத்த மாதிரி என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதனைப் பிரிட்டிஷ் அரசு கைதுசெய்து இந்தியாவுக்கு நாடுகடத்தியது. ராணுவம் இறக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தார்கள். வாசலைத் திறக்கச் சொன்னவரை நாட்டின் வாசலுக்கே வெளியே தள்ளினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு பாஸ் வேறு நிறத்தில் வந்தது. குடியுரிமை எடுக்காமல் இருந்துவிட்ட தோட்டத் தமிழர் கையில் சிவப்பு ஐ.சி (அடையாள அட்டை). 1968-இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அவர்களுக்கு வேலை பெர்மிட் தேவைப்பட்டது. 1969-க்குப் பிறகு பல்லாயிரம் பேர், பிறந்த தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மலேசிய அரசியலமைப்பின் 10-ஆவது விதி பேச்சுரிமையைக் குடிமக்களுக்குத்தான் கொடுக்கிறது. நீல ஐ.சி கையில் இருப்பவர் பேசலாம் என்பது அதன் பொருள். அந்த நீல ஐ.சி-யை வாங்கித் தலைமுறைகள் கடந்த பிறகு, இன்னொரு பாஸையும் காட்டு என்று ஒரு வேட்பாளரிடம் கேட்டது ரந்தாவ் வாசல்.

கூண்டில் ஏறிய பாஸ்

தோட்டத்து வாசலில் மறிக்கப்பட்டவருக்குப் போக்கிடம் இல்லை. டாக்டர் ஸ்ரீராமுக்கு இருந்தது. தேர்தல் முடிவு அரசிதழில் வந்த 21 நாளுக்குள் தேர்தல் மனு போடலாம் என்கிறது 1954-ஆம் ஆண்டு தேர்தல் குற்றங்கள் சட்டம். அந்த மனுவை ஆறு மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்கும் கெடு வைத்திருக்கிறது. வழக்கு சிரம்பான் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது.

வழக்கின் கரு எளிது. வேட்புமனு எப்படி இருக்க வேண்டும் என்பதை 1981-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிமுறைகள் வரிவரியாகச் சொல்கின்றன. முன்மொழிபவர், வழிமொழிபவர் கையொப்பம் வேண்டும். உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். சட்டமன்றத் தொகுதிக்கு 5,000 ரிங்கிட் வைப்புத்தொகை வேண்டும். வேட்பாளரோ முன்மொழிபவரோ வழிமொழிபவரோ குறித்த நேரத்துக்குள் நேரில் கொடுக்க வேண்டும். பாஸ் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. அது கூட்டத்தைச் சமாளிக்க அதிகாரிகள் தங்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட ஏற்பாடு.

அந்த ஏற்பாடு தவறா? அதில் மட்டும் தவறில்லை. வேட்புமனு நாளில் எந்த மையத்து வாசலையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொடி, மேளம், கோஷம், இரண்டு பக்கமும் ஆதரவாளர் கூட்டம், நடுவில் போலீஸ் வேலி. யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்று வாசல்காரருக்கு ஓர் அடையாளம் வேண்டியதுதான். ஆனால் வசதிக்கு வந்தது உரிமைக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அடையாளம் காட்டத்தான் பாஸ். மனு கொடுக்க வந்தவர் வேட்பாளர் என்று தெரிந்த பிறகும் பாஸைக் கேட்டால், அது சட்டம் கேட்காத கூடுதல் தகுதி ஆகிவிடுகிறது.

2018 நவம்பர் 16 அன்று நீதிபதி அஸிமா ஒமார் தீர்ப்பளித்தார். ரந்தாவில் நடந்தது செல்லாது. தேர்தல் அதிகாரி சட்டத்தை மீறிவிட்டார். டோக் மாட்டும் தேர்தல் ஆணையத் தரப்பும் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2019 பிப்ரவரி 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. தொகுதி காலியானது.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தீர்ப்பு விரல் நீட்டியது வாசலை நடத்திய அதிகாரியை நோக்கி. பயன் பெற்றவர் முகமட் ஹசான் என்றாலும் வேலியை அமைத்தவர் அவரல்ல. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. தலைவருக்கு ஒரு வசதி, அதை நடத்திக்கொடுக்க ஓர் ஊழியர், எழுதப்படாத ஒரு விதி. கேட்டால், ‘மேலிடத்து உத்தரவு’ என்பார் ஒருவர், ‘எனக்குத் தெரியாதே’ என்பார் மற்றவர்.

எண்ணிக்கை வந்த வெற்றி

2019 ஏப்ரல் 13 அன்று இடைத்தேர்தல். இந்த முறை வாசல் திறந்திருந்தது. நான்கு பேர் களத்தில் நின்றார்கள். டோக் மாட் 10,397 வாக்கு, டாக்டர் ஸ்ரீராம் 5,887 வாக்கு. சுயேச்சைகள் இருவருக்கும் முறையே 83, 79. பெரும்பான்மை 4,510.

அப்போது பலர் கேட்ட கேள்வி நினைவிருக்கும். ‘இதற்கா இத்தனை வழக்கு? கடைசியில் அவர்தானே ஜெயித்தார்?’ காப்பிக்கடைப் பேச்சில் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 2018-இல் அவருக்குக் கிடைத்த வெற்றிக்கு எண்ணிக்கை கிடையாது. எத்தனை பேர் அவரை விரும்பினார்கள், எத்தனை பேர் விரும்பவில்லை என்று யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. 2019-இல் 10,397 என்ற எண் வந்தது. எதிர்த்துப் போட்ட 5,887 பேரும் கணக்கில் வந்தார்கள். 79 வாக்கு வாங்கியவரின் பெயரும் சீட்டில் அச்சாகியிருந்தது. எதிராளியை வெளியே நிறுத்தி வாங்கிய வெற்றியைவிட, உள்ளே விட்டு வாங்கிய வெற்றி வென்றவருக்கே கூடுதல் பலம். ஆட்சியில் இருப்பவர்கள் இதைச் சுலபமாக மறந்துவிடுகிறார்கள்.

கைப்பேசிக்குள் ஒரு வாசல்

இப்போது ஒய்.பி-யை, அதாவது தொகுதியின் மக்கள் பிரதிநிதியை, பார்க்கச் சேவை மையத்துக்குப் போய் வரிசையில் உட்காருபவர்கள் குறைவு. தாமான் லோங்காங் (சாக்கடை) அடைத்துக்கொண்டதா, தெருவிளக்கு எரியவில்லையா, பள்ளிக்கூட மானியம் என்னவாயிற்று என்று தெரியவில்லையா, ஒய்.பி-யின் பேஸ்புக் பக்கத்தில் படம் பிடித்துப் போட்டுவிடுகிறார்கள். உதவித்தொகைக்கு மனுச் செய்யும் தேதியும் அங்கேதான் வருகிறது, வெள்ள நிவாரண மைய விவரமும் அங்கேதான் வருகிறது. பழைய தோட்டத்தில் ஆபீஸ் வாசலில் தொங்கிய அறிவிப்புப் பலகையும், அதன் கீழே கூடி நின்று பேசிய பேச்சும் சேர்ந்து ஒரு திரைக்குள் வந்துவிட்டன.

அங்கேயும் பாஸ் இருக்கிறது. மூன்று வகை.

முதலாவது, பிளாக். ஒய்.பி-யின் சொந்தக் கணக்கிலிருந்து ஒருவரை பிளாக் செய்தால் அவருக்கு அந்தக் கணக்கே இல்லாதது போல் ஆகிவிடும், தேடினாலும் வராது. இரண்டாவது, பக்கத்திலிருந்து தடை செய்வது. அப்போது போஸ்ட் தெரியும், வாசிக்கலாம், கமெண்ட் எழுதத்தான் இடம் இருக்காது. மூன்றாவதுதான் மிக நுணுக்கமானது, கமெண்ட்டை மறைப்பது. எழுதியவர் தன் திரையில் பார்த்தால் கமெண்ட் அப்படியே இருக்கும். அவருடைய நண்பர்களுக்கும் தெரியும். மற்ற யாருக்கும் தெரியாது. ‘நாம் கேட்டுவிட்டோம், யாரும் கண்டுகொள்ளவில்லை’ என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். சில சொற்களைப் பட்டியலிட்டு வைத்தால் அவை வரும் கமெண்ட்டெல்லாம் தானாகவே மறைந்துபோகும் வசதியும் பக்கம் நடத்துபவருக்கு உண்டு. ‘லோங்காங்’ என்ற சொல்லைப் பட்டியலில் போட்டுவிட்டால் ஊரில் ஒரு லோங்காங்கும் அடைத்துக்கொள்ளாது.

ரந்தாவ் வாசலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். அன்று டாக்டரை நிறுத்தியதைக் கூட்டமே பார்த்தது. நிறுத்தியது யார், என்ன காரணம் சொன்னார்கள், எத்தனை மணிக்கு என்றெல்லாம் சாட்சி சொல்ல முடிந்தது. அதனால்தான் வழக்கு நின்றது. மறைக்கப்பட்ட கமெண்ட்டுக்குச் சாட்சி இல்லை. தடுக்கப்பட்டவருக்கே தான் தடுக்கப்பட்டது தெரியாது. 1941-இல் சைக்கிளிலிருந்து இறங்கியவருக்காவது தான் இறக்கப்பட்டது தெரிந்திருந்தது.

அமெரிக்க நீதிமன்றங்கள் சொன்னது

இந்தக் கேள்வி நீதிமன்றத்தில் அதிகம் அடிபட்டது அமெரிக்காவில். டொனால்ட் டிரம்ப் அதிபராக இருந்தபோது தன்னை விமர்சித்தவர்களை டுவிட்டரில் பிளாக் செய்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நைட் இன்ஸ்டிடியூட் பிளாக் செய்யப்பட்ட ஏழு பேரோடு சேர்ந்து 2017-இல் வழக்குப் போட்டது. 2018 மே 23-இல், நம் பொதுத்தேர்தல் முடிந்த இரண்டே வாரத்தில், நியூயார்க் நீதிபதி நவோமி புக்வால்ட் அது அரசியலமைப்புக்கு விரோதம் என்றார். அதிபர் தனக்குப் பிடிக்காதவரின் பதிவுகளைத் தன் திரையில் வராமல் ‘மியூட்’ செய்துகொள்ளலாம், கேட்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனால் மற்றவர் காதில் விழாமல் அந்தக் குரலை அகற்ற அவருக்கு உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. டிரம்ப் பதவியை விட்டுப்போன பிறகு, வழக்குக்கு இனி வேலையில்லை என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கேள்வி மட்டும் பாக்கி நின்றது.

பதில் வந்தது 2024 மார்ச் 15-இல், ஒரு சின்ன ஊரின் வழக்கில். மிச்சிகன் மாநிலத்துப் போர்ட் ஹூரான் நகர மேலாளர் ஜேம்ஸ் ஃப்ரீட் தன் பேஸ்புக் பக்கத்தில் மகளின் படமும் போடுவார், நகராட்சி அறிவிப்பும் போடுவார். கொரோனா காலத்தில் நகரம் செயல்பட்ட விதத்தைக் குறைசொன்ன ஒருவரின் கமெண்ட்டை அழித்தார், பிறகு அவரையே பிளாக் செய்தார். உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் இரண்டு கேள்விகளை வைத்தது. அரசின் சார்பில் பேச அந்த அதிகாரிக்கு உண்மையிலேயே அதிகாரம் இருந்ததா? அந்தக் குறிப்பிட்ட பதிவில் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியதாகக் காட்டிக்கொண்டாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது அரசின் செயல். இல்லையென்றால் அவர் சொந்த விஷயம். ஒரு கமெண்ட்டை அழித்தால் அந்த ஒரு பதிவை மட்டும் பார்த்தால் போதும். ஆளையே பிளாக் செய்தால், அவர் கமெண்ட் எழுத விரும்பியிருக்கக்கூடிய எல்லாப் பதிவுகளையும் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் எச்சரித்தது. சொந்தப் படத்தையும் அரசாங்க அறிவிப்பையும் ஒரே பக்கத்தில் கலப்பவருக்கு ஆபத்து அதிகம் என்பது அதிலேயே அடக்கம்.

அமெரிக்கத் தீர்ப்பு சிரம்பானைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அளவுகோல் இங்கேயும் பொருந்துகிறது. பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்குக் கீழே யார் எழுதலாம் என்பது ஒய்.பி-யின் சொந்த விருப்பம். மாநில முத்திரையோடு, அரசு சம்பளம் வாங்கும் ஊழியர் நடத்தும் பக்கத்தில், உதவித்தொகை அறிவிப்புக்குக் கீழே யார் எழுதலாம் என்பது அவருடைய விருப்பம் அல்ல. அமெரிக்கத் தீர்ப்பைவிட நமக்கு நெருக்கமானது ரந்தாவ் தீர்ப்பு. சட்டம் கேட்காத தகுதியை அதிகாரி தன் வசதிக்காகக் கேட்கக்கூடாது என்று சொல்லப் போர்ட் ஹூரான் வரை போக வேண்டியதில்லை.

திட்டுபவர்களை என்ன செய்வது?

மறுபக்கமும் இருக்கிறது. பொதுவாழ்க்கையில் இருக்கும் பெண்களின் பக்கங்களைத் திறந்து பாருங்கள். நாக்கூசும் வசை, குடும்பத்தை இழுத்துவரும் ஏச்சு, இனத்தைக் குறிவைக்கும் பேச்சு, போலிக் கணக்குகளின் படையெடுப்பு. இதையெல்லாம் சகித்துக்கொள்வதுதான் ஜனநாயகம் என்று சொல்பவர் அந்த இடத்தில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

கோயில் கமிட்டித் தலைவர் நமக்கெல்லாம் தெரிந்தவர். பூசை நடக்கும்போது கத்துபவரை அமைதியாக இருக்கச் சொல்வார், கைகலப்பு என்றால் வெளியே கூட்டிப்போகவும் சொல்வார். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் வரவுசெலவுக் கணக்குக் கேட்டவரை இனிமேல் கோயிலுக்கே வராதே என்று சொன்னால் ஊர் சும்மா விடாது. கத்தியதற்கும் கணக்குக் கேட்டதற்கும் உள்ள வித்தியாசம் ஊருக்குத் தெரியும். ஒய்.பி பக்கத்தை நடத்தும் பையனுக்கும் தெரிய வேண்டும்.

மிரட்டலுக்குத் தண்டனைச் சட்டத்தின் 506-ஆவது பிரிவு இருக்கிறது. அவதூறுக்கு வழக்கு இருக்கிறது. வசைச்சொல் உள்ள கமெண்ட்டை நீக்கலாம், அதற்கு விதி எழுதிப் பக்கத்தின் மேலே தொங்கவிடலாம். நீக்குவது சொல்லை, ஆளை அல்ல. ஆளையே தடுக்கத்தான் வேண்டும் என்றால் எத்தனை நாளைக்கு, எந்த விதிப்படி, யாரிடம் முறையிடலாம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். தடுக்கப்பட்டவர் பட்டியல் அலுவலகக் கோப்பில் இருக்க வேண்டும், தேர்தலில் ஆள் மாறினாலும் கோப்பு மாறாது. இவை எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம். ஒரு பக்கத் தாளில் எழுதி ஒட்டிவிடலாம்.

தடுக்கப்பட்டவர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கோபத்தில் இன்னொரு போலிக் கணக்கைத் திறந்து திட்டுவது தடுத்தவருக்கே உதவியாகப் போகும். எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவும். நண்பர் அல்லாத ஒருவர் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து தன் கமெண்ட் தெரிகிறதா என்று பார்க்கவும். தெரியவில்லை என்றால் சேவை மையத்துக்குத் தேதியும் பெயரும் போட்டுக் கடிதம் எழுதி, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை கேட்கவும். கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: என்னை எந்த விதிப்படி தடுத்தீர்கள்? ரந்தாவ் வழக்கில் நீதிமன்றம் தேர்தல் அதிகாரியிடம் கேட்டதும் இதைத்தான். பதில் எழுதுவது ஒய்.பி-யின் பெருந்தன்மை அல்ல, அவர் வாங்கும் சம்பளத்தில் அதுவும் அடக்கம்.